பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு தடவை போகலாம், காசு கட்ட வேண்டாம்

நாகர்கோவில் வடசேரி பக்கம் இருக்கும் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். மகள் பத்தாவது படிக்கிறாள், அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். இலவச ஆலோசனை அருமை, அவர்கள் காசுக்கு விற்கும் பேக்கேஜ் தேவையில்லை.

அங்கே பேசிய பெண் எடுத்த எடுப்பில் பட்ஜெட் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பதினைந்து பதினாறு வயதில் எந்த நாட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது என்று எழுதிக் காட்டினார். நம்ம ஊரில் பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு பயோ மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா என்று ஒரு குரூப்புக்குள் போய்விட்டால் பிளஸ் டூ முடியும்வரை அதுதான். இங்கிலாந்தில் 16 வயதில் ஜிசிஎஸ்இ என்ற பொதுத்தேர்வு எழுதிவிட்டு, நம்ம பிளஸ் டூ மாதிரியான ஏ லெவலுக்குப் பெரும்பாலும் மூன்றே பாடம், ஆனால் பள்ளியில் இருக்கும் பாடங்களில் எந்த மூன்று என்பது பிள்ளையின் விருப்பம். அமெரிக்காவில் குரூப் என்ற பேச்சே கிடையாது, 9 முதல் 12 வரை பாடம் பாடமாக எடுத்து, முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் கிரெடிட் என்ற புள்ளியைச் சேர்க்கிறார்கள்.

இதைக் கேட்டதும் மகள், "அப்போ மேத்ஸும் ஹிஸ்டரியும் சேர்த்து எடுக்கலாமா மேடம்?" என்றாள். "எடுக்கலாம் மக்ளே, அங்க நிறைய பேரு எடுக்காங்க" என்றார் அவர். பள்ளியில் இத்தனை வருஷத்தில் எது பிடிக்கும் என்று அவளை யாரும் கேட்டதில்லை, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

வெளிநாடு என்றாலே சுகம் என்றும் அவர் சொல்லவில்லை. தென்கொரியாவில் நவம்பரில் ஒரே நாளில் நடக்கும் சுனுங் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வையும், அதில் இங்கிலீஷ் லிசனிங் நேரத்தில் விமானங்கள் ஏறாமல் இறங்காமல் நிறுத்தப்படுவதையும் சொன்னார், மகள் வாயடைத்துப் போனாள்.

சரி, குறை. கொழுந்தன் மகன் ஐடிஐ படிக்கிறான், அதனால் ஜெர்மனியில் கம்பெனியில் வேலை, தொழிற்பள்ளியில் பாடம் என்று உதவித்தொகையோடு படிக்கும் ஆஸ்பில்டுங் பற்றிக் கேட்டேன். "அது சரிவராது மேடம்" என்று பேச்சை டிகிரிக்குத் திருப்பிவிட்டார்கள், காரணம் சொல்லவே இல்லை. கைத்தொழிலோடு வெளிநாடு போகும் பிள்ளைகள் இவ்வளவு பேர் உள்ள மாவட்டத்தில் இப்படிச் செய்வது சரியில்லை. நம்ம பிளஸ் டூவை மட்டும் வைத்து ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பலருக்கு நேரடியாக இடம் கிடைக்காது, முதலில் ஸ்டூடியன்கோலெக் என்ற ஆயத்தப் படிப்பு முடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் நான் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். இதெல்லாம் முதலிலேயே சொல்ல வேண்டிய விஷயம்.

அப்புறம் அந்த 15,000 ரூபாய் பேக்கேஜ். பத்தாவது பிள்ளைக்கு இப்போதே ப்ரொஃபைல் தயாரிக்க என்கிறார்கள், கட்டிய பணம் திரும்ப வராது. நான் கட்டவில்லை.

போகிறவர்கள் பிள்ளையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். சனிக்கிழமை மார்த்தாண்டம், குலசேகரம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருவதால் ரொம்ப நேரம் உட்கார வேண்டியிருக்கும், வார நாளில் ஸ்கூல் விட்டதும் போனால் நிதானமாகப் பேசுவார்கள்.