நாய்களுக்காகப் போட்ட செயின் லிங்க் வேலி: ஒன்றரை வருடம் கழித்து

கோவையில் தொண்டாமுத்தூர் பக்கம் 10 சென்ட் இடத்தில் எங்கள் வீடு. சுற்றிலும் செயின் லிங்க் வேலி (பின்னிய கம்பி வலை வேலி) போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. போட்டதே இரண்டு நாய்களுக்காகத்தான்: தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய் கரிச்சான், சிப்பிப்பாறைக் கலப்பு ராணி. வேலி வந்துவிட்டால் காலையில் இரண்டையும் அவிழ்த்து விட்டுவிட்டு வேலைக்குப் போய் சாயந்திரம் வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

முதலில் சரக்கைப் பற்றி. 5 அடி உயரம், 2 இன்ச் கண்ணி, 10 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி, 8 அடிக்கு ஒரு கல்தூண். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலிந்துகொண்டே போகும், அதனால் 12 கேஜ் மலிவு என்று கடையில் சொன்னால் மயங்கிவிடாதீர்கள். மழைக்காலம் பார்த்தும் எங்களுடையதில் துரு இல்லை. மாடு வருவதில்லை, தெருநாய்க் கூட்டம் வருவதில்லை. யானை வந்தால் நூல் மாதிரி அறுத்துக்கொண்டு போகும்தான், ஆனால் அதற்கு வேலியைக் குறை சொல்லி என்ன பண்ண.

சரி, நாய்களைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடிந்ததா? மூன்றாம் நாளே பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணினார், ராணி ரோட்டில் நிற்கிறாள் என்று. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம், வெளியே ஒரு கீரி ஓடினால் போதும், 5 அடி அவளுக்கு ஒரு உயரமே இல்லை. போதாததற்குக் கண்ணிகள் ஏணிப்படி மாதிரி கால் வைக்க வசதியாக இருக்கின்றன. மேலே முறுக்கி விட்டிருந்த கம்பி முனை வயிற்றைக் கிழித்து ஏழு தையல். தையல் போட்ட டாக்டர் சொன்ன விஷயம்தான் இன்னும் பயமாக இருந்தது: தாண்டும்போது கழுத்துப்பட்டை அந்த முனையில் மாட்டியிருந்தால் அங்கேயே தொங்கியிருப்பாளாம். அன்றைக்கே இரண்டு பட்டைகளையும் கழற்றினோம், இப்போது வெளியே கூட்டிப் போகும்போது மட்டும்தான் போடுவது.

கரிச்சான் தாண்ட மாட்டான், தோண்டுவான். வேலி போட்ட மேஸ்திரி கம்பியை மண் மட்டத்தோடு நிறுத்திவிட்டுப் போயிருந்தார். ஏற்கெனவே பெருச்சாளி பறித்த பொந்து ஒன்று இருந்தது, மழையில் மண் இளகியதும் அதையே அகலப்படுத்திக் கிளம்பிவிட்டான்.

இதெல்லாம் நாய் வெளியே போகிற கதை. உள்ளே வருவதைத்தான் நான் யோசிக்கவே இல்லை. 2 இன்ச் கண்ணி பாம்புக்குத் திறந்த வாசல். ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது செம்பருத்தி அடியிலிருந்து கரிச்சான் குரைத்தான், வழக்கமான குரைப்பு இல்லை, போய்ப் பார்த்தால் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்து குக்கர் மாதிரி சீறுகிறது. எப்படியோ அவனை இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினோம். விரியன் கடித்தால் நாய்க்கும் விஷமுறிவு மருந்து போடுவார்கள், ஆனால் சீக்கிரம் போட வேண்டும். காலை 9 மணிக்குக் கடித்ததைச் சாயந்திரம் 6 மணிக்கு வந்து கண்டுபிடிக்கிறவனுக்கு அதனால் என்ன பயன்?

அப்புறம் குரைப்பு. வேலி ஓரமாக யாராவது நடந்து போனால் குரைப்பார்கள், போகிறவர் தன் பாட்டில் போய்விடுவார், இவர்கள் தாங்கள்தான் விரட்டினோம் என்று நினைத்துக்கொள்வார்கள். நாள் முழுக்க இப்படி ஜெயித்துக்கொண்டே இருந்தால் நாய் என்னவாகும்? இரண்டே மாதத்தில், பிஸ்கட் கொடுத்துப் பழகிய பால்காரரையே வேலியோரம் கண்டால் பல்லைக் காட்ட ஆரம்பித்தார்கள். கம்பி வழியாகத் தெருநாய்களோடு மூக்கும் மூக்கும் உரச மல்லுக்கட்டு வேறு, அதனால் ரேபீஸ் ஊசியை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடுவதில்லை.

பிறகு செலவு செய்து மாற்றியவை: அடியில் வேலி நெடுக ஓரடி ஆழத்துக்கு கான்கிரீட் பட்டை, மேலே உள்பக்கமாகச் சாய்ந்த இரும்பு ஆங்கிளில் இன்னொரு ஒன்றரை அடி வலை, ரோட்டுப் பக்கம் முழுக்கப் பச்சை நிழல்வலை. நிழல்வலைதான் இருப்பதிலேயே மலிவு, பாதிக் குரைப்பு அதிலேயே அடங்கியது. உள்ளே இருந்த அரளிச் செடியையும் வெட்டிவிட்டோம், தின்றால் நாய்க்கு விஷம்.

இப்போதைய வழக்கம் இதுதான். காலையும் மாலையும் ஒரு மணி நேரம், எங்களில் ஒருவர் திண்ணையில் இருக்கும்போது மட்டும் இரண்டும் வெளியே. வேலைக்குப் போனால் வீட்டுக்குள், ஃபேன் ஓடும், மதியம் பக்கத்து வீட்டு அக்கா வந்து ஒருமுறை வெளியே கூட்டிப் போய் வருவார். இருட்டினால் கதவு சாத்தியாகிவிடும், மலையடிவாரத்தில் சிறுத்தை நாயைத் தூக்கிப் போவது புதிதில்லை. சங்கிலியில் கட்டி வைப்பதற்கு வேலி ஆயிரம் மடங்கு மேல், அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

கம்பிக்கு 5க்கு 4. போட்ட வேலைக்கு 2. மேஸ்திரி நம்பர் கேட்டு யாரும் எழுத வேண்டாம், கொடுக்க மாட்டேன்.