முறிகண்டி தாண்டும் சுவிப்ட் ஸ்போர்ட்: 32 ஐ விட்டு 33 டேர்போவுக்கு மாறலாமா?

குதிரைவலுக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் வீண்செலவு. 2011 டிசெம்பரில் ஜப்பானில் வந்த 32 மொடல் (சசிக் குறி ZC32S) சுவிப்ட் ஸ்போர்ட்டின் 1,586 சீசி எஞ்சின் 136 குதிரைவலு தருகிறது. 2017 செப்டெம்பரில் வந்த 33 மொடலின் (ZC33S) 1,371 சீசி டேர்போ எஞ்சின், அதாவது வெளியேறும் புகையின் விசையால் சுற்றும் சில்லு காற்றை அழுத்தி ஏற்றும் எஞ்சின், தருவது 140. வித்தியாசம் வெறும் நாலு.

வித்தியாசம் இருப்பது இழுவையில். 32 இன் உச்ச இழுவை 160 நியூட்டன் மீற்றர். அதுவும் எஞ்சினை 4,400 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 4,400 சுற்று) ஏற்றினால்தான் கிடைக்கும். 33 இல் 230 நியூட்டன் மீற்றர், 2,500 இல் இருந்து 3,500 வரை ஒரே மட்டத்தில் நிற்கிறது. காரின் எடையும் 1,050 கிலோவில் இருந்து 970 ஆகக் குறைந்துவிட்டது. இரண்டும் கைக் கியர் வண்டிகளின் கணக்கு.

வன்னியில் இது எங்கே தெரியும் என்றால் ஏ9 இல், ஓமந்தை தாண்டிய பிறகு. றோட்டு நேர், மேடு பள்ளம் கிடையாது, போக ஒரு வரிசை வர ஒரு வரிசை. முன்னால் மணல் டிப்பர் 50 இல் போகிறது. சட்டம் அனுமதிக்கும் 70 க்குள் நின்றுகொண்டு அதை முந்த வேண்டும். 32 இல் ஐந்தில் இருந்து மூன்றுக்கு இறக்கி, எஞ்சினைச் சத்தம் போட விட்டுத்தான் முந்தலாம். 33 இல் நாலுக்கு இறக்கினாலே போதும், மிதித்தவுடன் வண்டி நகர்ந்துவிடும். எதிர் வரிசையில் நிற்கும் நேரம் குறைகிறது. இந்த றோட்டில் டேர்போ தரும் உண்மையான நன்மை அதுதான், சின்ன நன்மையும் அல்ல. 180 வரை போகும் என்று யாராவது சொன்னால் காதில் போட வேண்டாம். இரவில் கனகராயன்குளம் பக்கம் கட்டாக்காலி மாடுகள் சூடான தாரில் படுத்துக் கிடக்கும் றோட்டு இது.

பெற்றோல் விஷயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பான் மொடல் 33 க்குக் கம்பனி கேட்பது உயர் ஒக்டேன் பெற்றோல், அதாவது அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாத வகை. ஐரோப்பாவில் இதே 140 குதிரைவலு எஞ்சின் 95 ஒக்டேனில் ஓடியது. ஆகவே நம்மூர் 95 தாராளமாகப் போதும். 92 போதாது. 92 அடித்தால் வண்டி நின்றுவிடாது, கொம்பியூட்டர் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றப் பார்க்கும். இழுவை குறையும், வெப்பம் கூடும், மத்தியான வெயிலில் நிறை ஆட்களோடு போகும்போது காப்பாற்றவும் முடியாமல் போகலாம். உள்ளூர்ச் செட் எல்லாவற்றிலும் 95 எப்போதும் இருக்கும் என்று நம்பி இந்தக் காரை வாங்கக் கூடாது. தாங்கி 37 லீற்றர், 32 இல் இருந்ததைவிட 5 லீற்றர் குறைவு. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் 400 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். வவுனியாவில் 95 நிரப்பிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்த் திரும்ப ஏறத்தாழ 280 கிலோமீற்றர்தான். அவசரத்துக்கு 10 லீற்றர் 92 விழுந்துவிட்டால், மீதி 27 லீற்றர் 95 ஆக இருக்கும்போது கலவை ஏறத்தாழ 94 இல் நிற்கும். பயப்படத் தேவையில்லை, அந்தத் தாங்கி முடியும்வரை மெதுவாக மிதியுங்கள். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுப் பக்கம் ஏ34 இல் உள்ளே இருப்பவர்கள், வாரத்தில் ஒருநாளாவது 95 கிடைக்கும் ஊருக்குப் போவீர்களா என்று யோசித்துப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். இல்லை என்றால் 32 ஐ வைத்திருங்கள். அதற்கும் 95 தான் நல்லது, ஆனால் 92 இன் குற்றத்தை அது டேர்போவைவிட அதிகம் பொறுக்கும்.

அடுத்தது ஓட்டும் பழக்கம். 32 இல் ஆறாம் கியரில் 50 இல் உருண்டுகொண்டு திடீரென்று முழுதாக மிதித்தால் ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். நேரடி ஊசியால் பெற்றோல் பாயும் டேர்போ எஞ்சினில் அதையே செய்யக் கூடாது. 1,500 ஆர்பிஎம் அளவில் முழுப் பாரம் கொடுத்தால், தீப்பொறி வருமுன்னரே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. உருளைச் சுவரில் இருந்து தெறிக்கும் ஒயில் துளியும் படிந்த கரியும் அதற்குத் தூண்டுகோல். பலமாக ஒரு தடவை நடந்தாலே பிஸ்டனில் வளையங்களுக்கு இடையில் உள்ள விளிம்பு உடைந்துவிடக் கூடும். அதற்குப் பிறகு எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். வழி இலகுவானது: முந்துவதற்கு முன் ஒரு கியர் இறக்கி 2,000 க்கு மேல் கொண்டுவந்துவிட்டு மிதியுங்கள். ஒயில் 5டபிள்யூ-30, டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று இருக்க வேண்டும். அந்தத் தரம் 2020 இல் வந்தது, இந்த முன்பற்றலைக் குறைக்கும் சோதனையும் அதற்குள் அடங்கும். கடையில் மலிவாகக் கிடக்கும் பழைய எஸ்எல், எஸ்எம் டப்பாக்களைத் தொடாதீர்கள்.

ஒயில் மாற்றத்தை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, கிலோமீற்றர் ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வது வன்னிக்குச் சரி. கிளிநொச்சி டவுனுக்குள் பள்ளிக்கூடம், சந்தை என்று மூன்று நாலு கிலோமீற்றர் ஓட்டமே அதிகம் என்றால் இன்னும் முந்தியே மாற்றுங்கள். எஞ்சின் சூடாகுமுன் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் எரியாத பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் அளவுகோலை இழுத்து மூக்கருகே பிடித்துப் பாருங்கள். பெற்றோல் மணம் தூக்கலாக இருந்தால், அல்லது ஊற்றாமலேயே மட்டம் ஏறியிருந்தால், அந்த ஒயில் வேலை செய்வதில்லை. டேர்போவின் தண்டு சுற்றுவது அந்த ஒயில் படலத்தின் மேல்தான்.

நிறுத்தியவுடன் எஞ்சினை அணைக்கலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லாரும் நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குகிற வழக்கம். கோயிலுக்கு முன் கடைசி ஒன்றிரண்டு கிலோமீற்றரில் முந்தாமல், மிதிக்காமல் வந்தால் டேர்போ அதற்குள் தணிந்துவிடும். நிறுத்தி அரை நிமிடம் போதும். ஐந்து நிமிடம் எஞ்சினை உறும விட்டுக்கொண்டு நிற்பது பழைய காலத்து டேர்போக்களுக்குச் சொன்ன பாடம்.

புழுதிதான் வன்னியில் டேர்போவுக்கு முதல் எதிரி. காற்றை உறிஞ்சும் சில்லு நிமிடத்துக்கு இலட்சத்துக்கும் மேல் சுற்றக்கூடியது. வடிகட்டியைத் தாண்டி வரும் கிரவல் தூள் அதன் விளிம்பை அரம்போல் அராவிவிடும். வடிகட்டியை 5,000 இல் கழற்றிப் பாருங்கள், கிரவல் றோட்டுக்காரர் 2,500 இலேயே பாருங்கள். தட்டிப் பாவிப்பதைவிட மாற்றுவது நல்லது. பெட்டியின் கிளிப் எல்லாம் இறுகியிருக்கிறதா, குழாய் வளையம் தளர்ந்திருக்கிறதா என்றும் கையால் அசைத்துப் பாருங்கள். சத்தத்துக்காகத் திறந்த வடிகட்டி போடும் ஆசை இந்த மண்ணில் வேண்டவே வேண்டாம். அறுவடைக் காலத்தில் இன்னொரு வேலை சேரும். றோட்டோரம் நெல் காயப்போட்டிருக்கும் பகுதிகளில் ஓடிவிட்டு வந்தால் முன் வலையில் சப்பியும் வைக்கோலும் அப்பியிருக்கும். டேர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலர் முன்னால்தான் இருக்கிறது. அதை அடைத்தால் இழுவை குறைவது உடனே தெரியும். குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள், உயரழுத்தப் பீச்சானால் அடித்தால் மெல்லிய செதில்கள் மடங்கிவிடும்.

இனி எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம்: ஏ9 இல் இருந்து உங்கள் படலைவரை உள்ள அந்தக் கடைசித் துண்டு. 33 இன் நில இடைவெளி 120 மில்லிமீற்றர். நாலு பேரும் சாமானும் ஏறினால் இன்னும் இறங்கும். பூவரசங் கம்பு ஒன்றைப் பத்துச் சென்ரிமீற்றரில் வெட்டி எடுத்துக்கொண்டு உங்கள் ஒழுங்கையில் நடந்து போங்கள். உழவு மெசினும் லொறியும் ஓடிய தடங்களுக்கு நடுவே நிற்கும் திட்டில், தடத்தின் மட்டத்தில் கம்பை நிறுத்திப் பாருங்கள். திட்டு கம்பைவிட உயரமாக எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே ஒரு மதகடி என்றால் ஒரு லோட் கிரவல் கொட்டி நிரவலாம். வழி முழுக்க அப்படி என்றால் இந்தக் கார் உங்களுக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே ஒழுங்கை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ரயரும் இதோடு சேர்ந்த கதை. கம்பனி போடுவது 195/45 ஆர்17. பக்கச் சுவர் உயரம் 88 மில்லிமீற்றர்தான், தார் உடைந்த குழியில் 60 இல் விழுந்தால் றிம் வளையும். 185/55 ஆர்16 போட்டால் சுவர் 102 மில்லிமீற்றர் ஆகும், மொத்த விட்டம் வெறும் இரண்டரை மில்லிமீற்றர்தான் கூடும், வேகமானி பிழைக்காது. திருப்பத்தில் கொஞ்சம் கூர்மை குறையும். வன்னியில் திருப்பமே குறைவு, நான் 16 ஐத்தான் தெரிவேன். ஆனால் சாதாரண சுவிப்ட்டின் றிம் நாலு நட்டு, 100 மில்லிமீற்றர் வட்டம். ஸ்போர்ட்டுக்கு ஐந்து நட்டு, 114.3. முன்பக்கம் ஒரு றிம்மைப் பூட்டி, பிறேக் கலிப்பரில் உரசாமல் கையால் முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே நாலுக்கும் காசு கொடுங்கள்.

திருத்த வேலையில் 32 க்கே அனுகூலம். அதன் எம்16ஏ எஞ்சின் சிக்கலற்றது, பெற்றோலை வால்வுக்குப் பின்னால் தெளிப்பதால் வால்வும் கழுவப்படும். 33 இன் கே14சி இல் பெற்றோல் நேரே உருளைக்குள் போவதால், உள்வாங்கும் வால்வின் முதுகில் ஒயில் ஆவி படிந்து கரியாகும். தாங்கியில் ஊற்றும் சுத்தமாக்கும் திரவம் எதுவும் அந்த இடத்தைத் தொடாது. காலப்போக்கில் மேற்குழாயைக் கழற்றித்தான் துப்புரவாக்க வேண்டும். காலையில் எஞ்சின் நடுங்கி எழும்பினால் அந்தச் சந்தேகமும் வரட்டும். உயரழுத்தப் பெற்றோல் பம்பு, ஊசிகள் எல்லாம் கொழும்பில் இருந்து வர வேண்டிய சாமான்கள்.

பலர் விடும் பிழை ஒன்று. பத்து வருடம் ஓடிக் களைத்த தங்கள் 32 ஐயும் புத்தம் புது 33 ஐயும் ஓட்டி ஒப்பிடுகிறார்கள். அது நியாயமான போட்டி அல்ல. நாலு சொக் அப்சோபர், மேல் மவுண்ட், கீழ்க் கையின் றப்பர் புஷ், எஞ்சின் மவுண்ட், இரிடியம் பிளக், பிறேக் திரவம், நல்ல ரயர் எல்லாவற்றுக்கும் ஒரு விலை கேளுங்கள். கார் மாற்றச் செலவாகும் வித்தியாசக் காசில் அது ஒரு சிறு பங்குதான். அதைச் செய்து ஓட்டிப் பார்த்த பிறகும் ஏ9 இல் இழுவை போதவில்லை என்று பட்டால், 33 க்குப் போவதற்குக் காரணம் உண்டு. கைக் கியர் 32 வைத்திருந்து, ஒழுங்கைக்குள் வீடும் உள்ளவருக்கு என் சொல் இதுதான்: விற்காதீர்கள், அதைத் திருத்தி ஓட்டுங்கள். சீவிரி (கியர்ப் படிகள் இல்லாத ஓட்டோ) 32 வைத்திருப்பவரின் நிலை வேறு. 33 இல் வரும் ஆறு கியர் ஓட்டோ சாதாரண வகை, இழுபட்டுச் சத்தம் மட்டும் ஏறும் அந்த உணர்வு இல்லை. ஏ9 ஓரத்தில் வீடும் 95 உம் இருந்தால் அவர் மாறலாம்.

2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. 33 இன் உற்பத்தியோ 2025 நவம்பர் வரை என்று சுசுகி அறிவித்த கடைசிப் பதிப்போடு முடிந்துவிட்டது. ஆகவே பார்க்கக் கிடைப்பதில் பல கைமாறிய வண்டிகளாகவே இருக்கும். விற்பவரிடம் முதல்நாளே சொல்லி, எஞ்சின் தொடப்படாமல் குளிர்ந்திருக்கக் காலையில் போங்கள். பொனற்றில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். கிளப்பியவுடன் நீலப் புகை வருகிறதா, சூடான பிறகு மிதித்து விடும்போது வருகிறதா என்று பாருங்கள். இன்ரர்கூலர் குழாயைக் கழற்றி விரலை விட்டால் மெல்லிய ஈரம் இருப்பது வழக்கம், ஒயில் தேங்கி நின்றால் டேர்போவின் சீல் போய்விட்டிருக்கலாம். ஸ்கானர் போட்டுப் பிழைக் குறியை மட்டும் பார்க்காமல், எஞ்சின் கொம்பியூட்டர் தானே செய்யும் சுயசோதனைகள் முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாமே முடியாமல் இருந்தால், கிட்டடியில் யாரோ குறியை அழித்திருக்கிறார்கள் அல்லது பற்றறியைக் கழற்றியிருக்கிறார்கள். கொம்பியூட்டரைத் திருத்தி வலுக் கூட்டிய வண்டி என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள், அது 92 இல் எத்தனை நாள் ஓடியது என்பதை யாராலும் சொல்ல முடியாது. முன் கண்ணாடி மாற்றியிருந்தால், அதன் பின்னால் உள்ள கமராவை மீண்டும் அளவுபடுத்தினார்களா என்று கேளுங்கள். டிப்பர் தெறித்த கல்லால் இங்கே அந்தக் கண்ணாடி அடிக்கடி மாறும். கமரா பிழையாக நின்றால் தானியங்கிப் பிறேக் தேவையற்ற இடத்தில் பிடிக்கும், தேவையான இடத்தில் பிடிக்காது. கடைசியாகக் காரை ஏற்றியில் தூக்கி, முன் பம்பரின் அடி உதட்டையும் ஒயில் சட்டியையும் பாருங்கள். உதட்டில் கீறல் இருந்தால் விலை பேசுங்கள், சட்டியில் நசிவு இருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்.