ஆய்வுக்கு எந்தப் புலமைப்பரிசில்? அறிவியல் நகரிலிருந்து ஒரு மதிப்பீடு

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்களிலிருந்தும், 2021 முதல் தனித்து இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்தும் பட்டம் பெறும் இளையோரில் வெளிநாட்டில் ஆய்வு செய்ய விரும்புவோர் பலர். அவர்களுடைய விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பவன் என்ற முறையில் சில புலமைப்பரிசில்களை இங்கே மதிப்பிடுகிறேன். மாதம் எவ்வளவு கிடைக்கும் என்பதே எல்லோரும் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி. மேற்பார்வையாளரை நானே தெரிவு செய்யலாமா, ஆய்வுக்கு எவ்வளவு காலம் கிடைக்கும் என்ற இரண்டையும் கேட்ட பின்னரே பணத்தைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த அளவுகோலில் யப்பான் அரசின் கல்வி அமைச்சு வழங்கும் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்கே முதலிடம் கொடுப்பேன். தூதரக வழியில் விண்ணப்பிப்பவர் முதற்கட்டத் தெரிவில் தேறியதும், தாம் விரும்பும் பேராசிரியருக்குத் தாமே எழுதி ஏற்புக் கடிதம் பெற வேண்டும். பின்னர் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, ஆய்வுகூடத்தையும் மொழியையும் பழகிக்கொண்டு, நுழைவுத் தேர்வில் தேறினால் முதுமாணிக்கோ கலாநிதிப் பட்டத்திற்கோ நீடிப்புக் கோரலாம். உலர் வலய மண்ணும் நீரும் பற்றி ஆராய விரும்பும் எங்கள் விவசாய மாணவருக்குத் தொத்தோரி பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆய்வு நிலையம் போன்ற இடங்கள் இவ்வழியில் எட்டக்கூடியவை.

ஆனால் மெக்ஸ்ட் விண்ணப்பத்தின் உயிர் ஆய்வுத் திட்டப் படிவத்தில்தான் இருக்கிறது. ஒரு மாணவி முதலில் கொண்டுவந்த தலைப்பு 'வன்னியின் நீர்ப்பற்றாக்குறை'. அதை வைத்துக்கொண்டு எந்தப் பேராசிரியரும் எதுவும் செய்ய முடியாது. இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஆண்டுதோறும் நடக்கும் இழுபறியை அவள் நேரில் கண்டவள். அதிலிருந்தே தொடங்கும்படி சொன்னேன். வயலை மாறி மாறி நனைத்தும் காயவிட்டும் நெல் விளைவித்தால், அதே நீரில் கூடுதலான ஏக்கருக்குப் பாய்ச்ச முடியுமா என்பதாகத் தலைப்பு சுருங்கியது. அந்த வடிவத்தில் பேராசிரியர் ஒருவர் பதில் எழுதினார்.

மெக்ஸ்டின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கல்விக் கட்டணமும் இருவழி விமானச் சீட்டும் அவர்களுடைய பொறுப்பு என்றாலும், ஆய்வு மாணவருக்கான மாதக் கொடுப்பனவு 143,000 யென். தோக்கியோவில் அது இறுக்கிப் பிடித்துச் செலவழிக்க வேண்டிய தொகை. குடும்பத்தை அழைத்துச் செல்லத் தனி உதவி கிடையாது. வயது 35 இற்குக் குறைவாக இருக்க வேண்டும். முதற்கட்டத் தெரிவுப் பரீட்சைக்குக் கொழும்புக்கு இரவுப் பஸ் ஏறியாக வேண்டும்.

ஜேர்மனியின் கல்விப் பரிமாற்றச் சேவையான டி.ஏ.ஏ.டி. நிறுவனம் வளர்முக நாட்டவருக்காக வழங்கும் அபிவிருத்தி சார்ந்த பட்டப்பின் கற்கைத் திட்டம் அடுத்தது. பட்டத்தின் பின் குறைந்தது இரண்டு ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். கடைசிப் பட்டம் பெற்றுப் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. தற்காலிக உதவி விரிவுரையாளராகவோ திட்டங்களிலோ வேலை செய்தவர்கள், தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும் தெளிவாக உள்ள கடிதத்தை வேலையை விடும்போதே வாங்கி வைப்பது நல்லது. திட்டம் முடிந்து அலுவலகம் மூடப்பட்ட பின் யாரிடம் கேட்பது? முதுமாணி மாணவருக்கு மாதம் 992 யூரோவும் மருத்துவக் காப்புறுதியும் கிடைக்கும். இதன் முதுமாணி நெறிகளில் பாடங்கள் முன்னரே வகுக்கப்பட்டவை. சொந்த ஆய்வு கடைசிப் பருவத்தின் ஆய்வேட்டோடு நின்றுவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டஸ் மாதம் 1,400 யூரோ தருவதால் பலருடைய கண் முதலில் அங்கேதான் போகிறது. இரண்டு ஆண்டுகளில் இரண்டு மூன்று நாடுகளில் படிப்பது பெரிய வாய்ப்பு என்பதை மறுக்கவில்லை. எனினும் விமானச் சீட்டு, வீசா, குடியமரும் செலவு எல்லாம் அந்த 1,400 யூரோவுக்குள்ளேயே அடக்கம். பொதுவாக முதற்கொடுப்பனவு போய்ச் சேர்ந்த பிறகே கைக்கு வரும். சீட்டுக்கு முன்பணம் புரட்டுவதற்காக நகையை அடகு வைக்க வேண்டிய வீடுகளுக்கு இது சிறிய விடயமன்று. கொழும்பில் தூதரகம் இல்லாத நாடு அமைந்தால், வீசா அலுவல் டெல்லி வரை இழுபடவும் கூடும்.

பிரித்தானியாவின் செவ்னிங் 1983 இல் தொடங்கப்பட்ட மதிப்பான புலமைப்பரிசில்; விமானச் செலவும் தரும். ஆனால் அது ஓராண்டு முதுமாணிக்கு மட்டுமே, கலாநிதிப் பட்டத்திற்கு இல்லை; 2,800 மணித்தியால வேலை அனுபவமும் கேட்கிறார்கள். நிர்வாகத்திலோ கொள்கை வகுப்பிலோ நாட்டம் உள்ளவருக்கு அதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். விரிவுரையாளராக விரும்புபவர், ஓராண்டுப் பட்டம் இங்குள்ள நியமன, பதவியுயர்வு விதிகளுக்குப் போதுமா என்பதைப் பல்கலைக்கழகப் பதிவாளர் கிளையில் விசாரித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்; அங்கே பட்டத்தின் கால அளவையும் ஆய்வுக் கூறையும் பார்ப்பார்கள். செவ்னிங், அமெரிக்காவின் புல்பிரைட் இரண்டிலும் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மெக்ஸ்டிலும் எரஸ்மஸ் முண்டஸிலும் அப்படி இல்லை; ஆனால் சம்பளத்துடன் கற்கை விடுமுறையில் போகும் நிரந்தர விரிவுரையாளரை அவருடைய பல்கலைக்கழகத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் எப்படியும் கட்டுப்படுத்தும்.

இவற்றில் எதுவும் முகவர் வழியாக வழங்கப்படுவதில்லை. படிவம் நிரப்பித் தருவதாகப் பணம் கேட்கும் இடங்களுக்குப் போக வேண்டாம். அந்தப் பணம் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து உறுதிப்படுத்தவும் ஆங்கிலத் தகுதித் தேர்வுக்கும் தேவைப்படும். இடம்பெயர்வில் மூலப் பிறப்புச் சான்றிதழை இழந்தவர்கள் பிரதேச செயலகத்தில் புதிய பிரதிக்கு இப்போதே விண்ணப்பிக்கட்டும். அறிவித்தல் வந்த பிறகு அதற்கு அவகாசம் இருக்காது.