டியூனிங் பாக்ஸ்: பெட்டி தேவலை, வயர்தான் வம்பு

டீசல் ஸ்விஃப்ட்டுக்கு டியூனிங் பாக்ஸ் (இன்ஜினின் இழுவையைக் கூட்ட வயரில் மாட்டுகிற சின்ன எலக்ட்ரானிக் பெட்டி) போடலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடலாம். ஆனால் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கூடவே வருகிற வயரையும் கனெக்டரையும் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். 18,000 ரூபாய் பெட்டி ஒழுங்காகத்தான் இருந்தது. என்னைப் படுத்தி எடுத்தது ஒரு முழ நீள வயர்.

வண்டி 2014 மாடல் விடிஐ. 1,248 சிசி, 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க். ஃபியட்டின் மல்டிஜெட் இன்ஜின். மாருதி இதை டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது. பல கம்பெனி வண்டிகளில் இதுவே இருந்ததால் ‘தேசிய இன்ஜின்’ என்று கேலிப் பெயரும் உண்டு. 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே நிறுத்திவிட்டதால், இருக்கிற வண்டியை விற்க மனசில்லாதவர்கள்தான் இப்போது இந்த மாதிரிப் பெட்டிகளைத் தேடுகிறோம்.

பெட்டி செய்கிற வேலை ஒன்றுதான். டீசல் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தோடு தருகிற குழாயில், எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று சென்சர் இசியூவுக்கு, அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பெட்டி நடுவில் புகுந்து அந்த அளவைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். அழுத்தம் போதவில்லை என்று நினைத்து இசியூ பம்பை முடுக்கும், டீசல் கூடுதலாகப் பாயும். அவ்வளவுதான், பச்சைப் பொய். இந்தப் பொய்யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கோளாறு தேடும்போது இதுதான் ஆளைக் குழப்பும்.

ஓட்டத்தைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை நன்றாகவே தெரிகிறது. அவினாசி ரோட்டில் லாரியைத் தாண்ட கியர் குறைக்க வேண்டிய அவசியம் குறைந்தது. 2,000-க்குக் கீழே இருக்கிற அந்தச் சோம்பல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. டர்போ காற்றைத் தள்ளாத நேரத்தில் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகைதான் வரும். மைலேஜ் கூடும் என்று விற்றவர் சொன்னது எனக்குப் பலிக்கவில்லை, பழையபடி 19, 20 தான்.

சரி, கோளாறுக்கு வருகிறேன். மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ஏற்றத்தில், இரண்டாம் கியரில் முழுசாக மிதித்தால் ஒரு குலுக்கல், உடனே செக் இன்ஜின் விளக்கு. அப்புறம் வண்டி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை அடக்கும் லிம்ப் மோடுக்குப் போய்விடும், என்ன மிதித்தாலும் 3,000 ஆர்பிஎம் தாண்டாது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். சமதளத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை.

கோளாறு எண்ணைப் போனில் காட்டும் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் ஒரு நேரம் பி0087, இன்னொரு நேரம் பி0190. முன்னது ரெயிலில் அழுத்தம் குறைவு என்பது. பின்னது பிரஷர் சென்சர் சர்க்யூட்டில் கோளாறு என்பது. பி0087 என்றதும் மெக்கானிக் தம்பி டீசல் ஃபில்டரைக் கழற்றினார். நியாயமான சந்தேகம்தான், அடைத்த ஃபில்டரும் இதே எண்ணைத் தரும். புது ஃபில்டர் போட்டும் குலுக்கல் போகவில்லை. “அண்ணா, சென்சர் போயிருச்சுங்க” என்றார். பெட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டால் அங்கேயும் அதே பாட்டு: “சென்சர மாத்திடுங்க சார், எங்க பாக்ஸ்ல ப்ராப்ளம் வராது.” வண்டியையும் பார்க்காமல், ஒரு கேள்வியும் கேட்காமல் சொன்ன பதில்.

பெட்டியோடு பைபாஸ் பிளக் என்று ஒரு சின்னச் சமாச்சாரம் தருவார்கள். பெட்டியைக் கழற்றிவிட்டு அதை வயரில் செருகினால் சென்சர் சிக்னல் கலப்படம் இல்லாமல் இசியூவுக்குப் போகும். அதைப் போட்டு அதே ஏற்றத்தில் ஓட்டினேன். கோளாறு வந்தது. இங்கேதான் பலரும் பெட்டிமேல் தப்பில்லை, சென்சர்தான் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். ஆனால் பைபாஸ் பிளக் போட்டாலும் பெட்டியோடு வந்த வயர் நடுவில் இருக்கிறதே! அந்த வயரையும் கழற்றிவிட்டு, வண்டியின் சொந்தக் கனெக்டரை நேராகச் சென்சரில் மாட்டியதும் கோத்தகிரி வரை விளக்கு எரியவில்லை. சென்சரும் குற்றவாளி இல்லை, பெட்டியும் இல்லை.

பெட்டியையும் அதன் வயரையும் மறுபடி மாட்டி, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஸ்கேனரின் போன் ஆப்பில் ரெயில் அழுத்தத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வயரை மெதுவாக ஆட்டிப் பார்த்தோம். சென்சர் பக்கக் கனெக்டரைத் தொட்டதும் எண் தாறுமாறாகக் குதித்தது, இன்ஜினும் தடுமாறியது. (பெட்டி மாட்டியிருக்கும்போது ஆப்பில் தெரிவது இசியூ நம்புகிற எண்தான். ரெயிலுக்குள் நிஜமாக இருப்பது அதைவிடக் கூடுதல். இந்த எண்ணை வைத்து அழுத்தம் சரியா தப்பா என்று தீர்மானிக்க முடியாது, குதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.)

மெக்கானிக் தம்பி காட்டிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் கனெக்டரைப் பிரித்தார். மூன்று பின்களுக்குள்ளும் அதே அளவு ஆண் பின் ஒன்றைச் செருகி இழுத்துக் காட்டினார். இரண்டு பின்கள் இறுக்கிப் பிடித்தன. சிக்னல் வயர் வருகிற பின்னில் மட்டும் அது வழுவழுவென்று உருவிக்கொண்டு வந்தது. பின்னின் வாய் விரிந்திருந்தது, ஓரத்தில் பச்சைக் களிம்பு. ரப்பர் சீல் இருக்க வேண்டிய பள்ளம் காலி. வயரை ஜிப் டை போட்டுப் பேட்டரித் தட்டோடு விறைப்பாகக் கட்டியிருந்தார்கள், பொருத்தியது பெட்டிக் கம்பெனி ஆள்தான். சின்ன கியரில் முழு பாரத்தில் இன்ஜின் தன் மவுன்ட்டில் ஒரு பக்கம் சாயும். அப்போது அந்த வயர் இழுபடும், பின் நழுவும். ஏற்றத்தில் மட்டும் கோளாறு வந்த மர்மம் இதுதான்.

புதுப் பின்னை வயரில் அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து), சீல் போட்டு, வயரைத் தளர விட்டு இன்ஜின் வயரிங்கோடே சேர்த்துக் கட்டினார். கூலியோடு 350 ரூபாய். சென்சர் மாற்றியிருந்தால் ஆயிரக்கணக்கில் போயிருக்கும், கோளாறும் போயிருக்காது. படம் பிடித்துப் பெட்டிக் கம்பெனிக்கு அனுப்பினேன். வாரண்டி பெட்டிக்கு மட்டும்தானாம், வயருக்குக் கிடையாதாம். இந்த ஒரு பதிலுக்காகவே ஐந்தில் இரண்டு நட்சத்திரத்தைக் கழிக்கிறேன்.

வாரண்டி முடியாத வண்டியில் இதைப் போடாதீர்கள், வண்டிக் கம்பெனி சர்வீஸில் கை விரித்துவிடுவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது, அதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். செட்டிங்கை உச்சத்தில் வைத்தால் புகைச் சோதனைக்கும் கிளட்ச்சுக்கும் ஆகாது, நான் நடுவில்தான் வைத்திருக்கிறேன்.

பழைய பெட்டியைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர்கள் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: பைபாஸ் பிளக் இருக்கிறதா, கனெக்டரில் சீல் இருக்கிறதா, பின் இறுக்கமாகப் பிடிக்கிறதா. பைபாஸ் பிளக் தொலைந்துபோன பெட்டி என்றால் விலையில் ஆயிரம் ரூபாயாவது குறைத்துப் பேசுங்கள்.