ஜிமெயிலைக் கணினிக்கு இறக்குவது: ஐமேப், பாப், டேக்அவுட்

பெரியப்பாவின் ஜிமெயில் சென்ற மாதம் நிரம்பிவிட்டது. கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடம் அஞ்சலுக்கு மட்டும் உரியது அல்ல. டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். பேரப்பிள்ளைகளின் வீடியோக்கள் 6 ஜிபியைத் தின்றிருந்தன. மீதி 9 ஜிபி, 2005 முதல் வந்த கடிதங்கள். இடம் தீர்ந்தால் புதிய அஞ்சல் உள்ளே வராது. அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

“பழையதை அழித்துவிடலாமே, பெரியப்பா” என்றேன்.

“தபாலில் வந்த கடிதத்தையே நான் கிழித்துப் போட்டதில்லை. இதை மட்டும் எதற்கு அழிக்க வேண்டும்? எல்லாவற்றையும் என் கணினியில் இறக்கிக் கொடு” என்றார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பேச்சை அத்துடன் முடித்துவிட்டார்.

இறக்க வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பம் இல்லை. தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருள் இலவசம், 2004 முதல் இருக்கிறது, அஞ்சல்களை எம்பாக்ஸ் என்னும் சாதாரண உரைக் கோப்பாகச் சேமிக்கிறது. நாளை தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் அந்தக் கோப்பை வேறு மென்பொருளில் திறக்கலாம். எந்த வழியில் இறக்குவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் வழி ஐமேப், சர்வரில் இருக்கும் அஞ்சலைக் கணினியில் அப்படியே காட்டும் முறை. தண்டர்பேர்டில் முகவரியைக் கொடுத்தால் கூகுளின் நுழைவுப் பக்கம் திறக்கும். கடவுச்சொல்லை அங்கே தட்டி அனுமதி தந்தால் போதும். சற்று நேரத்தில் ஜிமெயிலில் இருக்கும் எல்லா லேபிள்களும் இடப்பக்கம் கோப்புறைகளாக வரிசைகட்டி நிற்கும். வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. ஐமேப் என்பது கண்ணாடி. அங்கே இருப்பது இங்கே தெரிகிறது; அங்கே மறைந்தால் இங்கேயும் மறையும். சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் கணக்கிலேயே இந்தத் தவறைச் செய்தேன். “கணினியில்தான் எல்லாம் இருக்கிறதே” என்ற தைரியத்தில் வெப்மெயிலில் ஒரு முழு ஆண்டின் அஞ்சல்களை அழித்தேன். மறுநாள் காலை மென்பொருளைத் திறந்தால், அது கடமை தவறாமல் இங்கேயும் அழித்து வைத்திருந்தது. குப்பைத்தொட்டியில் 30 நாள் தங்கும் என்பதால் தப்பித்தேன்.

எனவே ஐமேப்பில் இன்னொரு படி கட்டாயம் உண்டு. தண்டர்பேர்டின் இடப்பட்டியில் கீழே ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதில் இருப்பது மட்டுமே உண்மையில் நம் கணினிக்குச் சொந்தம். ஆண்டுக்கு ஒரு கோப்புறையை அதில் உருவாக்கி, அஞ்சல்களை அங்கே பிரதி எடுக்க வேண்டும். நகர்த்தாதீர்கள், பிரதி எடுங்கள். நகர்த்தும்போது இணைப்பு நடுவழியில் அறுந்தால் எது எங்கே இருக்கிறது என்று தேடித் தலைசுற்றும்.

எதைப் பிரதி எடுப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜிமெயிலில் கோப்புறை என்று எதுவும் கிடையாது, லேபிள்தான். ஒரே கடிதத்துக்கு மூன்று லேபிள் ஒட்டியிருந்தால் ஐமேப்பில் அது மூன்று கோப்புறைகளில் தெரியும். ‘ஆல் மெயில்’ என்பதில் நான்காவது முறையும் தெரியும். எல்லாவற்றையும் இறக்கினால் 9 ஜிபி எளிதில் 20 ஜிபி ஆகும். போதாக்குறைக்கு, லேபிள் எதுவும் இல்லாமல் இன்பாக்ஸிலிருந்து ‘ஆர்கைவ்’ செய்து ஒதுக்கி வைத்த கடிதங்கள் ‘ஆல் மெயிலில்’ மட்டுமே இருக்கும். அதனால் என் யோசனை: ஜிமெயில் அமைப்புகளில் லேபிள் பக்கத்துக்குப் போய், ஐமேப்பில் காட்டும் குறியை மற்ற லேபிள்களுக்கு எடுத்துவிட்டு, ‘ஆல் மெயிலை’ மட்டும் விட்டுவையுங்கள். ஸ்பேமும் குப்பையும் தவிர வந்தது, போனது எல்லாம் அதில் அடக்கம். லேபிள்களை அருமையாகப் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு இது வலிக்கும்தான். பெரியப்பாவிடம் இருந்த ஒரே லேபிள் ‘முக்கியம்’. அதிலும் நான்கு கடிதங்கள்.

பொறுமையும் வேண்டும். ஐமேப் வழியே ஒரு நாளைக்கு 2500 எம்பிக்கு மேல் இறக்க கூகுள் விடுவதில்லை. 9 ஜிபிக்கு நான்கு நாள் ஆனது.

இரண்டாவது வழி பாப், சர்வரிலிருந்து அஞ்சலைக் கணினிக்கு இறக்கும் பழைய முறை. பழைய ஆட்கள் இன்னும் இதைத்தான் சொல்வார்கள்: “பாப்பில் போட்டால் எல்லாம் இறங்கிவிடும்.” இறங்கும், ஆனால் கோணலாக. லேபிள் ஒன்றும் வராது. அனுப்பிய கடிதங்களும் இறங்கி, வந்த கடிதங்களோடு கலந்து இன்பாக்ஸில் உட்கார்ந்துகொள்ளும். ஜிமெயில் மொத்தத்தையும் ஒரே மூச்சில் தராமல் தொகுதி தொகுதியாகத் தருவதால், ‘அஞ்சல் பெறுக’ பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளின் வரம்பும் 1250 எம்பிதான், ஐமேப்பில் பாதி. இறக்கிய பிறகு சர்வரில் உள்ள பிரதியை என்ன செய்வது என்பது தண்டர்பேர்டின் அமைப்பில் இல்லை, ஜிமெயிலின் அமைப்பில் இருக்கிறது என்பது தெரியாமல் விழிப்பவர்களும் உண்டு. இதற்காக இனி நேரம் செலவிட மாட்டேன்.

மூன்றாவது வழி டேக்அவுட், நம் தரவை மொத்தமாக இறக்கிக்கொள்ள கூகுள் தரும் சேவை. அதன் பக்கத்தில் ‘மெயில்’ ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, கோப்பின் அளவை 2 ஜிபியிலிருந்து 50 ஜிபிக்கு உயர்த்திவிட்டுக் கோரிக்கை போட வேண்டும். உயர்த்தாவிட்டால் துண்டு துண்டாக வரும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இறக்குவதற்கான இணைப்பு அஞ்சலில் வந்து சேரும். ஒரு வாரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். அன்றாட வரம்பு என்ற தொல்லை இல்லை. எம்பாக்ஸ் கோப்பு கையில் கிடைத்ததும், தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் புரொஃபைல் அடைவில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ உள்ளே போட்டுத் திறந்தால் புதிய கோப்புறையாக எழுந்து நிற்கும். ‘இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி’ என்ற துணைநிரலைக் கொண்டும் ஏற்றலாம்.

இதிலும் தொந்தரவு உண்டு. இருபது ஆண்டுக் கடிதங்களும் படிக்காதவையாக, தடித்த எழுத்தில், ஒரே குவியலாக வந்து விழும். ஸ்பேமும் குப்பையும் கூடவே வரும். லேபிள்கள் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பகுதியிலும் எழுதப்பட்டிருக்கும். தண்டர்பேர்ட் அவற்றைக் கோப்புறையாகப் பிரித்துத் தராது. தேவையான லேபிள்களை மட்டும் டேக்அவுட்டிலேயே தேர்ந்தெடுத்தால் லேபிளுக்கு ஒரு கோப்பாகக் கிடைக்கும் என்பது ஆறுதல். அன்றாடம் படிப்பதற்கு ஐமேப்பிலிருந்து எடுத்த பிரதியே என் விருப்பம். டேக்அவுட் கோப்பை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டு அலமாரியில் வைத்தேன். டிஸ்க் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

‘அவுட்லுக் இருக்கும்போது தண்டர்பேர்ட் எதற்கு?’ என்பவர்களுக்கு: பழைய அவுட்லுக் திடமானதுதான், அது அஞ்சலைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பு 50 ஜிபி வரை தாங்கும். ஆனால் அந்தக் கோப்பு அதன் சொந்த வடிவம். புதிய அவுட்லுக்கோ, இணைக்கும் ஜிமெயிலின் பிரதியை மைக்ரோசாஃப்டின் சர்வரில் வைத்துக்கொள்கிறது. வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர் எதற்காக இன்னொரு வாடகை வீட்டுக்குக் குடிபோக வேண்டும்?

இனி தொடர்புகள். இதில் மூன்று வழிகள்: காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பான சிஎஸ்வி, முகவரி அட்டைக் கோப்பான விகார்டு, சர்வரோடு ஒத்திசைக்கும் கார்டுடேவ்.

சிஎஸ்வியை நான் வெறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் நாள் பெரியப்பாவின் தொடர்புகளை சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்து, சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று விரிதாளில் திறந்தேன். தொலைபேசி எண்கள் எல்லாம் ‘9.19இ+11’ என்கிற தோரணையில் நின்றன. 91 என்று தொடங்கும் பன்னிரண்டு இலக்கத்தைப் பெரிய எண் என்று அது கணக்குப் போட்டுவிட்டது. நல்ல வேளை, சேமிக்காமல் மூடினேன். சேமித்திருந்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். பழைய அவுட்லுக்கில் ஏற்றினால் தமிழ்ப் பெயர்களுக்கு வேறு ஆபத்து: அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துக் குறியேற்றத்தை எதிர்பார்க்கிறது, விண்டோஸின் அந்த வழக்கமான குறியேற்றங்களில் தமிழுக்கு இடம் இருந்ததே இல்லை. ‘செந்தாமரை’ என்ற பெயர் புரியாத குறிகளின் வரிசையாகிவிடும்.

விகார்டில் இந்தத் தலைவலி இல்லை. எண் எண்ணாகவே, பெயர் தமிழாகவே வந்து சேர்கிறது. தண்டர்பேர்ட் ஒரே கோப்பிலிருந்து அத்தனை பேரையும் ஏற்கிறது. பழைய அவுட்லுக் மட்டும் அப்படிப்பட்ட கோப்பில் முதல் ஆளை ஏற்றுவதோடு நின்றுவிடும்.

கார்டுடேவ் ஐமேப்பைப் போன்ற கண்ணாடி. தண்டர்பேர்டிலேயே புதிய முகவரிப் புத்தகமாகச் சேர்த்துவிட்டால், கைபேசியில் திருத்திய எண் கணினியிலும் மாறும். ஜிமெயிலைத் தொடர்ந்து பயன்படுத்துபவருக்கு இதுதான் சரி. விட்டு விலகுபவருக்கு விகார்டு. இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று: நாம் சேர்க்காமலேயே, அஞ்சல் அனுப்பியதால் கூகுள் குறித்துவைத்த ‘பிற தொடர்புகள்’ முதன்மைப் பட்டியலில் இல்லை. பெரியப்பாவின் பழைய மாணவர்களில் பாதிப் பேர் அங்கேதான் ஒளிந்திருந்தார்கள். முதலில் அவர்களைத் தொடர்புகளில் சேர்த்துவிட்டுத்தான் ஏற்றுமதி செய்தேன்.

ஐந்தாம் நாள் எல்லாம் இறங்கியிருந்தது. அவர் நேராக 2005ஐத் திறக்கச் சொன்னார். ஒரு கடிதம் முழுக்கக் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். “கெட்டுப்போய்விட்டதா?” என்றார். கெடவில்லை, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியேற்றமான டிஸ்கியில் தட்டச்சு செய்த கடிதம், ஜிமெயிலிலும் இத்தனை நாள் அப்படித்தான் கிடந்திருக்கும். வெட்டி எடுத்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒட்டினேன். கும்பகோணத்திலிருந்து அவருடைய நண்பர், தேம்பாவணிப் பாடல் ஒன்றில் எழுந்த ஐயத்தைக் கேட்டு எழுதியிருந்தார்.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “நான் பதில் போட்டேனா, பார்.”

‘ஆல் மெயிலிலிருந்து’ எடுத்த பிரதி என்பதால் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு வரி கீழே இருந்தது பதில், அதுவும் டிஸ்கியில்.