ஆயாவின் கீரைக் கணக்கும் மகளின் நோட்டுக் கணக்கும்: இருபது மாத அனுபவம்

இருபது மாதமாக எங்கள் வீட்டில் தினமும் ஒரு வாழ்க்கைக் கணக்கு, அதாவது கதையாக வரும் கணக்கு, போட்டு வருகிறோம். 2024 ஜூனில் என் மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது தொடங்கியது. இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறாள். பரீட்சை, பண்டிகை, காய்ச்சல் என்று விட்டுப்போன நாட்கள் நிறைய. ஆனாலும் ஐந்து நோட்டு நிரம்பிவிட்டது. காட்பாடியில் என் தையல் கடைக்கு ரவிக்கை கொடுக்க வரும் அம்மாக்கள், "பிள்ளைக்குக் கணக்கே வரலைங்க, நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்கிறார்கள். கடையில் நின்று முழுதாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன்.

தொடங்கியதற்குக் காரணம் மகள் இல்லை, நான்தான். அந்த வருடம் ஒரு பள்ளிக்கு 36 சீருடைச் சட்டை தைக்கும் ஆர்டர் வந்தது. சின்னப் பிள்ளைகள், ஒரு சட்டைக்கு ஒரு மீட்டர் போதும் என்று 36 மீட்டருக்குக் கணக்குப் போட்டு விலை பேசிவிட்டேன். பெருக்கல் சரிதான். ஆனால் ஒரு மீட்டர் என்பது 58 அங்குலப் பன்னா (துணியின் அகலம்) உள்ள துணிக்கான அளவு. நான் வாங்கி வந்தது 36 அங்குலப் பன்னா. அகலம் குறைந்தால் நீளம் கூட வேண்டும். கடைசியில் 58 மீட்டர் ஆனது. கூடுதல் 22 மீட்டரும் என் கைக்காசு. அன்று இரவு பில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. எனக்குக் கூட்டல் பெருக்கலில் தவறு வரவில்லை. கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி மறுபடி எழுதித் தேறியவள் நான். அப்போதும் இதேதான் நடந்திருக்கிறது என்று தோன்றியது.

மகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்ததால் அவளுடைய ஒன்றாம் வகுப்பு முழுக்க வீட்டிலேயே போனது. 2021 நவம்பர் 1-ஆம் தேதி சின்ன வகுப்புகளைத் திறந்தபோது நேராக இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். கூட்டல், கழித்தல் எல்லாம் பிறகு பிடித்துக்கொண்டாள். 46 × 7 என்று கொடுத்தால் போட்டுவிடுவாள். அதையே நாலு வரியில் கதையாகக் கொடுத்தால், "இது கூட்டலா, பெருக்கலாம்மா?" என்று முகத்தைப் பார்ப்பாள்.

இந்த வீட்டில் இன்னொரு கணக்குக்காரர் இருக்கிறார். என் மாமியார், மகளுக்கு ஆயா. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் முப்பது வருடம் கீரை விற்றவர், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கட்டு 12 ரூபாய், 7 கட்டு எவ்வளவு என்று கேட்டால், "அஞ்சு கட்டு அறுவது, ரெண்டு கட்டு இருவத்திநாலு, எம்பத்திநாலு" என்று மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவார். கிலோ 60 ரூபாய் தக்காளியில் முக்கால் கிலோ என்றால், "அரை முப்பது, கால் பதினஞ்சு, நாப்பத்தஞ்சு." என் மகளோ 60-ஐ 3/4-ஆல் பெருக்க வேண்டும் என்பதையே அறியாமல் விழித்தாள். அதே மாமியாரிடம் நோட்டில் 84 ÷ 7 என்று எழுதிக் காட்டினேன். "இதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்று நோட்டைத் தள்ளிவிட்டார். 84 ரூபாய் அவர் சொன்ன அதே 84 ரூபாய்தான்.

எங்கள் வீட்டு விஷயம் என்றுதான் முதலில் நினைத்தேன். 2025 பிப்ரவரியில், பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்றவர்களுடன் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு நேச்சர் இதழில் வந்தது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் வைத்துச் செய்தது. சந்தைப் பிள்ளைகள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்திலேயே போடுகிறார்கள், அதையே பாடப்புத்தக வடிவில் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதற்கு நேர் எதிர். படித்ததும் மாமியாரும் மகளும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஒரு பக்கம் தெரிந்த கணக்கு தானாக மறுபக்கம் வந்துவிடாது, யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். வாழ்க்கைக் கணக்கை நான் அதற்குத்தான் பயன்படுத்துகிறேன்.

முதல் இரண்டு மாதம் தப்பான வழியில் போனேன். லாங் பஜாரில் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். பெருக்கல் பாடத்தின் கீழ் இருக்கும் கணக்கு எல்லாம் பெருக்கல்தான். மகள் வாக்கியத்தைப் படிக்கவே இல்லை. இரண்டு எண்ணையும் எடுத்தாள், பெருக்கினாள், டிக் வாங்கினாள். அப்புறம் போனில் ஒரு செயலி போட்டுப் பார்த்தோம். நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும், சரியாக இருந்தால் காசு விழும் சத்தம் வரும். காசுக்காக ஊகித்துத் தொட ஆரம்பித்தாள். இரண்டையும் நிறுத்திவிட்டு, அன்றன்றைக்கு வீட்டில் நடந்ததிலிருந்து நானே ஒரு கணக்கு எழுத ஆரம்பித்தேன். இன்று கழித்தல் என்றால் நாளை வகுத்தல், மறுநாள் இரண்டும் கலந்தது. எது வரும் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. அதுதான் முதல் திருப்பம்.

இரண்டாவது திருப்பம் எண்களை மறைப்பது. கணக்கில் வரும் எண்களின் மேல் துணி வெட்டு ஒன்றை வைத்து மூடிவிடுவேன். "ஆயா கொஞ்சம் கீரைக்கட்டு வாங்கினாங்க. கொஞ்சம் வித்தாங்க. கொஞ்சம் வாடிப்போச்சு. வித்ததுல வந்த காசு எவ்வளவு?" என்று எண் இல்லாமல் கதையை அவள் சொல்ல வேண்டும். விடை பெரிதாக வருமா, சின்னதாக வருமா என்றும் முன்பே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் துணியை எடுப்பேன். கடைசியில் விடையை வெறும் எண்ணாக எழுதாமல், "ஆயாவுக்கு 216 ரூபாய் கிடைத்தது" என்று வாக்கியமாக எழுத வேண்டும். இந்த மூன்றைத் தவிர எங்களிடம் வேறு முறை எதுவும் இல்லை.

சொல்லைப் பார்த்துக் கணக்குப் போடும் பழக்கத்தை உடைப்பதுதான் மிகவும் சிரமமாக இருந்தது. 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்று எங்கோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "பூக்காரம்மா 18 முழம் விற்ற பிறகு 12 முழம் மீதி இருக்கிறது, காலையில் எத்தனை முழம் கட்டினார்?" என்று கேட்டேன். 6 என்றாள். 'மீதி' என்ற சொல்லைப் பார்த்ததும் கை கழித்தலுக்குப் போய்விட்டது. பூக்காரம்மா 18 முழம் விற்றிருக்க, அவர் கட்டியதே 6 முழமா என்று கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு நாள், "காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் 32 பேர் இருந்தார்கள், 5 பேர் இறங்கினார்கள், டிரைவருக்கு வயது என்ன?" என்று எழுதினேன். தயங்காமல் 27 என்று எழுதினாள். ஒவ்வொரு கேள்விக்கும் விடை இருந்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். 'இதற்கு விடை சொல்ல முடியாது' என்று எழுதுவதும் சரியான விடைதான் என்று அவளுக்குப் பழக மூன்று மாதம் ஆனது.

வகுத்தலில் மீதி வரும் இடமும் அப்படித்தான். 43 பிள்ளைகள், ஓர் ஆட்டோவுக்கு 4 பேர். 10 ஆட்டோ, மீதி 3 என்று எழுதிவிட்டு மூடி வைத்தாள். அந்த 3 பிள்ளைகள் நடந்தா வருவார்கள்? 11 ஆட்டோ வேண்டும். அதே வாரம் 25 மீட்டர் துணியில் ஆளுக்கு 2 மீட்டர் பாவாடை. இங்கே 12 பாவாடைதான், மிஞ்சும் ஒரு மீட்டரில் பதின்மூன்றாவது வராது. ஒரே வகுத்தல், ஒன்றில் மேலே போகிறோம், ஒன்றில் கீழே நிற்கிறோம். எந்த எண்ணாலும் இதைச் சொல்லித்தர முடியாது, கதைதான் சொல்லித்தரும்.

மாமியார் உள்ளே வந்தது ஒரு கழித்தலில். 200 ரூபாய் நோட்டுக் கொடுத்து 137 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதிச் சில்லறை எவ்வளவு? மகள் பூச்சியத்திலிருந்து கடன் வாங்கிக் கடன் வாங்கி 73 என்று எழுதினாள். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "நூத்தி முப்பத்தேழுக்கு மூணு வெச்சா நூத்தி நாப்பது. அப்புறம் ஒரு அறுவது. அறுவத்தி மூணு." கழிக்கவே இல்லை, ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கணக்கையும் இரண்டு வழியில் எழுதுகிறோம், ஆயா வழி, நோட்டு வழி. ஆயா வழியை அவர் சொல்லச் சொல்ல மகள் எழுத வேண்டும். பேச்சில் போட்ட கணக்கு தாளில் எப்படி நிற்கும் என்று இருவரும் சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள்.

பின்னத்தில் மாமியாரின் உதவி பெரியது. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. அப்படியென்றால் ஓர் ஆழாக்கு அரைக்கால் படி. 1/8 என்று எழுதினால் பயந்த பிள்ளை, அரைக்கால் என்றால் கையில் ஆழாக்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். தையலுக்கும் இது ஒத்து வந்தது. இஞ்சு டேப்பில் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்த கோடு அதே அரைக்கால்தான்.

நேரக் கணக்கில் ஆயா வழி இன்னும் நன்றாக வேலை செய்தது. காட்பாடியிலிருந்து சென்னை சுமார் 130 கிலோமீட்டர். காலை 6.45-க்கு ரயில் ஏறி 9.10-க்குச் சென்ட்ரலில் இறங்கினால் எவ்வளவு நேரம்? கால்குலேட்டரில் 9.10-லிருந்து 6.45-ஐக் கழித்து 2.65 என்று காட்டினாள். இரண்டு மணி அறுபத்தைந்து நிமிடம் என்று ஒன்று உண்டா? ஏழு மணி வரை 15 நிமிடம், ஒன்பது வரை 2 மணி, மேலே 10 நிமிடம். 2 மணி 25 நிமிடம். ஒரு மணிக்கு 60 நிமிடம்தான், நூறு அல்ல என்று நான் பத்து முறை சொல்லியும் ஏறாதது இப்படி ஏறியது.

எனக்குக் கிடைத்த பலனையும் சொல்ல வேண்டும். சென்ற வருடம் தையல் மெஷினுக்காக 50,000 ரூபாய் கடன் தர ஒரு நிதி நிறுவனத்தார் வந்தார்கள். வருடம் 12 சதவீதம்தான், இரண்டு வருடம், மாதம் 2,583 ரூபாய் என்றார்கள். அன்றைய கணக்காக அதையே நோட்டில் எழுதினோம். இரண்டு வருட வட்டி 12,000. ஆனால் நான் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறேன்? முதல் மாதம் 50,000 என் கையில் இருக்கிறது, கடைசி மாதம் இரண்டாயிரம் சொச்சம்தான். சராசரி பார்த்தால் ஏறத்தாழ 26,000. அதற்கு வருடம் 6,000 வட்டி என்றால் 23 சதவீதம் ஆகிறது. இது தோராயம்; நுணுக்கமாகப் போட்டால் 21.5-க்குப் பக்கத்தில் நிற்கும். எப்படியும் 12 இல்லை. கடனை வாங்கவில்லை. 'நூற்றுக்கு இரண்டு வட்டி' என்பது வருடத்துக்கு 24 சதவீதம் என்பதையும், ஆடித் தள்ளுபடியில் 50-உம் 20-உம் சேர்ந்தால் 70 ஆகாது, 60-தான் என்பதையும் கடைக்கு வரும் பெண்களிடம் இப்போது துணிந்து சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. வாய்ப்பாட்டை இது சொல்லித் தராது. ஏழாம், எட்டாம் வாய்ப்பாடு நிற்காததால் எத்தனையோ நல்ல கணக்கு பாதியில் நின்றது. அதைத் தனியாக மனப்பாடம் செய்ய வைத்தேன், வேறு வழி இல்லை. மதிப்பெண்ணும் பாய்ந்து ஏறவில்லை. 58 இருந்தது 71 ஆனது, அதற்கே ஒரு வருடம் பிடித்தது. இரண்டு மாதத்தில் முதல் மதிப்பெண் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள்.

நான் செய்த பெரிய தவறு, ஆர்வத்தில் எல்லா இடத்திலும் கணக்குக் கேட்டதுதான். பஸ்ஸில், கடையில், உறவினர் வீட்டில். ஒரு நாள் மளிகைக் கடையில் நாலு பேர் முன்னால் கேட்டபோது அவள் கண் கலங்கிவிட்டது. "இனிமே கடைக்கு வரமாட்டேன்மா" என்றாள். அன்றே நிறுத்தினேன். ஒரு நாளைக்கு ஒன்று, வீட்டில் மட்டும், வெளியாள் யாரும் இல்லாதபோது. ஞாயிறன்று அவள் கணக்கு எழுதுவாள், நான் போட வேண்டும். இப்படி மாற்றிய பிறகு நோட்டை அவளே எடுத்து வருகிறாள். தானே கணக்கு எழுதுவதால்தான் எந்தத் தகவல் தேவை, எது தேவையில்லை என்று அவளுக்கு நன்றாகப் பிடிபட்டது என்பது என் எண்ணம்.

போன ஞாயிறு அவள் எழுதிய கணக்கு இது: "14.2 கிலோ சிலிண்டர் நம் வீட்டில் 48 நாள் வந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு கேஸ் செலவானது?" நான் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தபோதே மாமியார் சொல்லிவிட்டார்: "நாளுக்குக் கால் கிலோன்னு வெச்சா நாலு நாளைக்கு ஒரு கிலோ. நாப்பத்தெட்டு நாளைக்குப் பன்னெண்டு கிலோ. இன்னும் ரெண்டு கிலோ சொச்சம் இருக்குதே, அப்ப கால் கிலோவுக்கு மேலதான்." மகள் 14,200-ஐ 48-ஆல் வகுத்து, 296 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு என்று எழுதினாள். பிறகு ஆயாவின் வழியையும் அதே பக்கத்தில், அவர் பேசியது பேசியபடி எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.