பிரிட்டன் கோவிட் விசாரணை கமிஷன்: ஃப்ரீ தான், ஆனா பொறுமை வேணும் (5க்கு 3.5)

கமிஷன்னாலே கெணத்துல போட்ட கல்லுன்னு பழகிப்போன ஆளுங்க நாம, அதனால தலைப்ப பாத்ததும் பாதி பேரு ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிருவீங்க, தெரியும். இருந்தாலும் எழுதறேன், ஏன்னா மக்கள் வரிப்பணத்துல 19 கோடி பவுண்டுக்கு மேல செலவாகியிருக்கற ஒரு சர்வீஸ், யாரு வேணா எந்த ஊர்ல இருந்து வேணா காசு குடுக்காம பாக்கலாம், ஆனா பிரிட்டன்ல இருக்கற நம்மாளுங்களே பாதி பேரு எட்டிப் பாக்கல. நான் கொஞ்சம் ஓவராவே பாத்திருக்கேன். எது தேறும் எது தேறாதுன்னு சொல்றேன்.

பேக்ரவுண்டு தெரியாதவங்களுக்கு சுருக்கமா: கோவிட்ல பிரிட்டன்ல 2,30,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க. செத்தவங்களோட குடும்பங்க விடாம கேட்டு கேட்டு, 2021 மே மாசம் அப்ப பிரதமரா இருந்த போரிஸ் ஜான்சன் சரி கமிஷன் போடறேன்னாரு, ரிடையர்டு அப்பீல் கோர்ட் ஜட்ஜ் ஹெதர் ஹாலட் அம்மாவ தலைவரா போட்டாங்க, 2022 ஜூன்ல முறைப்படி ஆரம்பிச்சு 2023 ஜூன்ல மொத சாட்சி கூண்டேறினாரு. மொத்தம் பத்து மாடியூல், அதாவது தலைப்பு வாரியா பத்து பகுதி. முன் தயாரிப்பு, அரசியல் முடிவுகள், ஆஸ்பத்திரி, தடுப்பூசி, கொள்முதல், முதியோர் இல்லம், டெஸ்டிங், குழந்தைங்க, பொருளாதாரம், கடைசியா சமூகத்துல என்ன பாதிப்புன்னு. கடைசி ரிப்போர்ட் வர 2027 ஆயிரும்ங்கறாங்க.

சரி, யூஸ் பண்ற அனுபவத்துக்கு வரேன். விசாரணை நடந்தப்ப நேர்ல பாக்கறதுன்னா லண்டன் பாடிங்டன் பக்கம் டார்லண்ட் ஹவுஸ்னு ஒரு ஆபீஸ் பில்டிங், கேலரில சீட்டு முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணிக்க வேண்டியிருந்துச்சு. ஆனா யூடியூப் தான் பெஸ்ட். லைவ்னு போட்டிருந்தாலும் மூணு நிமிஷம் லேட்டா தான் ஓடுச்சு, வெளிய வரக்கூடாத பேரு எதாவது யாராவது உளறிட்டா கட் பண்றதுக்கு. காலைல ஒரு வீடியோ மதியம் ஒரு வீடியோன்னு பிரிச்சு அப்படியே கெடக்கு, இப்பவும் பாக்கலாம். நடுவுல டைப் பண்றவங்களுக்கு ரெஸ்ட் குடுக்கறதுக்காக அந்தம்மா பிரேக் விடுவாங்க, யாரு பேசிட்டு இருந்தாலும் சரி, மாஜி பிரதமரா இருந்தாலும் சரி, நிறுத்திட்டு எழுந்து போயிருவாங்க. எனக்கு அது ரொம்ப புடிச்சிருந்துச்சு.

மைனஸ் என்னன்னா டிரான்ஸ்கிரிப்ட். அன்னன்னைக்கே ஏத்திடறாங்க, அதுல குறை சொல்ல முடியாது, ஆனா ஒரு பிடிஎஃப் பக்கத்துல நாலு பக்கத்த குட்டி குட்டியா அடுக்கி வெச்சிருக்காங்க, கோர்ட்டு ஸ்டைலாம், செல்போன்ல படிச்சா கண்ணு வெளிய வந்துரும். லேப்டாப்ல படிங்க. சாட்சிகளோட ஸ்டேட்மென்ட், ஈமெயில், வாட்ஸப் எல்லாம் ஐஎன்க்யூன்னு ஆரம்பிச்சு வரிசையா ஜீரோ வர்ற நம்பர்ல இருக்கும். நம்பர் தெரிஞ்சா டக்குனு கெடைக்கும், தெரியலன்னா தேட வேண்டியது தான், வேற வழி இல்ல.

இத எதோட கம்பேர் பண்றதுன்னா, ஏற்கனவே மார்க்கெட்ல இருந்த சரக்கு ஒண்ணு இருக்கு, பார்லிமென்ட் கமிட்டி. ஹெல்த் கமிட்டியும் சயின்ஸ் கமிட்டியும் சேந்து உக்காந்து விசாரிச்சு 2021 அக்டோபர்லயே ரிப்போர்ட் குடுத்துட்டாங்க, 150 பக்கம் சொச்சம். மொத லாக்டவுன்ன லேட்டா போட்டது பிரிட்டன் பொது சுகாதார வரலாற்றிலயே பெரிய தோல்விகள்ல ஒண்ணுன்னு நேரடியாவே எழுதினாங்க, தடுப்பூசி விஷயத்துல பாராட்டவும் செஞ்சாங்க. நேரமில்லாதவங்க அத மட்டும் படிச்சாலே முக்காவாசி புரிஞ்சிரும். கணக்கு கமிட்டி அதுக்கும் முன்னாடியே, 2021 மார்ச்லயே, டெஸ்ட் அண்ட் டிரேஸுக்கு, அதாவது டெஸ்ட் பண்ணி தொற்று வந்தவங்க கூட பழகினவங்கள தேடிப் புடிக்கற திட்டத்துக்கு, ரெண்டு வருஷத்துக்கு 3,700 கோடி பவுண்டு ஒதுக்கினீங்களே, அதனால தொற்று கொறஞ்சதுக்கு தெளிவா ஒரு ஆதாரம் காட்டுங்கன்னு கேட்டுச்சு. அடுத்த வருஷம் பிபிஇ, அதாவது மாஸ்க், கவுன் மாதிரி பாதுகாப்பு சாமான் பக்கம் திரும்பி, மொத வருஷம் வாங்கின 1,200 கோடி பவுண்டு பொருள்ல முக்கால்வாசி மதிப்பு போச்சுன்னு போட்டு ஒடைச்சாங்க. விலைக்கும் வேகத்துக்கும் பார்லிமென்ட் தான் வின்னர், சந்தேகமே இல்ல.

ஆனா பல்லு இல்லையே. 2021 மே 26ம் தேதி டொமினிக் கம்மிங்ஸ், அதாவது ஜான்சனோட வலது கையா இருந்து அப்புறம் வெளிய போனவரு, கமிட்டி முன்னாடி ஏழு மணி நேரம் பேசினாரு. சாக வேண்டாதவங்க பல்லாயிரம் பேரு செத்தாங்க, ஹெல்த் மினிஸ்டர் ஹான்காக் பொய் சொன்னாருன்னு சரமாரியா எறக்கினாரு. சரிப்பா ஆதாரத்த எழுத்துல குடுன்னு கமிட்டி கேட்டுச்சு. அவரு குடுக்கல. ரெண்டு வாரத்துல ஹான்காக் வந்து அதெல்லாம் இல்லவே இல்லன்னுட்டு போயிட்டாரு. கமிட்டியும் ஆதாரம் இல்லாததால இத நிரூபிக்க முடியலன்னு விட்டுருச்சு. இதே கம்மிங்ஸ் 2018ல வேற ஒரு கமிட்டி கூப்பிட்டப்ப வரவே மாட்டேன்னுட்டாரு, 2019ல சபை அவமதிப்புன்னு தீர்மானம் போட்டாங்க, சில மாசத்துலயே அவரு பிரதமர் ஆபீஸ்லயே வேலைக்கு சேந்தாரு. அவ்ளோதான் அந்த தீர்மானத்தோட பவரு.

இன்னொரு நெருடல், அந்த ஹெல்த் கமிட்டி தலைவர் ஜெரமி ஹண்ட். 2012லேந்து 2018 வரைக்கும் ஹெல்த் மினிஸ்டரே அவரு தான், 2016ல சிக்னஸ்னு ஃப்ளூ வந்தா என்ன பண்றதுன்னு ஒத்திகை பாத்ததும் அவரு காலத்துல தான். பரீட்சை எழுதினவரே பேப்பர் திருத்தின மாதிரி. மனுஷன் ரிப்போர்ட்ல பூசி மெழுகல, அத ஒத்துக்கணும், ஆனா அவர எதிர்ல உக்கார வெச்சு கேள்வி கேட்டது கமிஷன் தான், 2023ல. ஃப்ளூவையே நெனச்சுட்டு இருந்த கும்பல்ல நானும் ஒருத்தன்னு அங்க ஒத்துக்கிட்டாரு.

பார்லிமென்ட் ஒரே ஒரு தடவ பல்ல காட்டுச்சு, அதுவும் தனக்கே பொய் சொன்னப்ப. லாக்டவுன்ல பிரதமர் ஆபீஸ்ல நடந்த பார்ட்டிங்க பத்தி ஜான்சன் வேணும்னே சபைய தவறா வழிநடத்தினாருன்னு 2023 ஜூன்ல பிரிவிலேஜ் கமிட்டி (உரிமைக் குழு) சொல்லி, அத ஏத்துக்க சபைல 354க்கு 7னு ஓட்டு விழுந்துச்சு. அதுக்குள்ள ஆளு எம்பி பதவிய விட்டுட்டு போயாச்சு.

கமிஷன் இங்க தான் ஸ்கோர் பண்ணுது. 2005 விசாரணை கமிஷன் சட்டப்படி போட்டதால டாகுமென்ட குடுன்னா குடுத்தே ஆகணும். கேபினட் ஆபீஸ், அதாவது பிரதமருக்கும் மந்திரிசபைக்கும் உதவற துறை, ஜான்சனோட வாட்ஸப்ப முழுசா தர மாட்டோம்னு ஹைகோர்ட் வரைக்கும் போனாங்க, தன்னோட சொந்த கமிஷன் மேலயே கவர்மென்ட் கேஸ், 2023 ஜூலைல தோத்தாங்க. அதுக்கப்புறம் வந்து விழுந்துச்சு பாருங்க. ஜான்சனோட பழைய போன்ல 2020 ஜனவரி கடைசிலேந்து ஜூன் வரைக்கும் 5,000 மெசேஜ் கிட்ட காணோம், ரிஷி சுனக் போன் மாத்தினதால வாட்ஸப் இல்ல, ஸ்காட்லாந்துல தூங்கப் போறதுக்கு முன்னாடி வாட்ஸப் அழிக்கறது என் சடங்குன்னு ஒரு பெரிய அதிகாரியே எழுதியிருக்காரு. அப்படி இருந்தும் மிச்சம் மீதி இருந்ததே போதும் போதும்னு ஆயிருச்சு.

கண்டிப்பா பாக்க வேண்டியதுன்னா மாடியூல் 2, 2023 அக்டோபர் 31லேந்து தொடங்குங்க. அன்னைக்கு கம்மிங்ஸ். கமிஷன் வக்கீல் ஹ்யூகோ கீத், சூட்டு கோட்டு போட்டு ரொம்ப நாகரீகமான குரல்ல, கம்மிங்ஸ் மந்திரிங்கள திட்டி அனுப்பின மெசேஜ ஒண்ணு விடாம வாசிக்கறாரு, இங்க எழுத முடியாத வார்த்தை எல்லாம் கோர்ட்டு குரல்ல கேக்கறப்ப சிரிக்கறதா வேண்டாமான்னு தெரியல. அதே மாடியூல்ல இன்னொண்ணு, 2020 பிப்ரவரி 14லேந்து 24 வரைக்கும், ஸ்கூல் அரைப்பருவ லீவு சமயம், கொரோனா பத்தி பிரதமருக்கு ஒரு பேப்பர் கூட போகல. இத்தாலில ஊரு ஊரா அடைக்க ஆரம்பிச்ச நேரம் அது.

மறுநாள் ஹெலன் மெக்நமாரா, துணை கேபினட் செக்ரட்டரியா இருந்தவங்க. என்னைக் கேட்டா மொத்த கமிஷன்லயும் இவங்க சாட்சி தான் டாப். பிரதமர் ஆபீஸுக்கும் கேபினட் ஆபீஸுக்கும் நடுவுல ஒரு கதவு, எல்லாரும் நம்பர் அமுக்கிட்டு தான் போகணும், அந்த நம்பர் பேட் பக்கத்துல ஒரு ஹேண்ட் சானிடைசர் வைங்கன்னு இவங்க கேட்டாங்க. ஏழு மாசம் ஆச்சாம். நாட்டுக்கே கை கழுவுங்கன்னு டிவில சொல்லிட்டு இருந்த கட்டடம் அது. நிர்வாகம்னா என்னன்னு புரிஞ்சுக்க எனக்கு 800 பக்க ரிப்போர்ட்ட விட இந்த ஒரு கதவு போதும்.

அப்புறம் நவம்பர் 20, தலைமை விஞ்ஞானி பேட்ரிக் வாலன்ஸ். தினம் ராத்திரி தன் மன பாரம் கொறையறதுக்காக நோட்டுல எழுதி வெச்சிருக்காரு, வெளிய வரும்னு நெனச்சு எழுதினது இல்ல, அத பக்கம் பக்கமா ஸ்க்ரீன்ல போட்டாங்க. கிராஃப பாத்தா பிரதமருக்கு தலை சுத்துது, புரிய வெக்கறது படு கஷ்டம்னு இருக்கு, கேட்டதுக்கு அவரு பதினஞ்சு வயசோட சயின்ஸ விட்டவருன்னு பதில். சுனக்கோட ஆகஸ்ட் 2020 ஹோட்டல் டிஸ்கவுன்ட் திட்டம் ஞாபகம் இருக்கா, திங்கள்லேந்து புதன் வரைக்கும் தலைக்கு பத்து பவுண்டு வரை பாதி பில்லு கவர்மென்ட் கட்டினது, அத பத்தி விஞ்ஞானிங்க கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலன்னும் இங்க தான் தெரிஞ்சுச்சு. ஒரு விஞ்ஞானி வாட்ஸப்ல அப்ப நிதி மந்திரியா இருந்த சுனக்க சாவு டாக்டர்னு எழுதியிருந்ததும் அதே மாடியூல்ல முந்தின மாசமே ஸ்க்ரீன்ல வந்துச்சு.

ஜான்சன் வந்த டிசம்பர் 6, 7 எதிர்பாத்த அளவுக்கு இல்ல. ஆரம்பிச்சதுமே மன்னிப்பு கேட்டாரு, கேலரில இருந்த குடும்பத்து பொண்ணுங்க எழுந்து, செத்தவங்களுக்கு உன் மன்னிப்பு காதுல விழாதுன்னு எழுதின அட்டைய தூக்கி புடிச்சாங்க, ஹாலட் அம்மா வெளிய அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாளும் ஞாபகம் இல்ல, எல்லாரும் தான் முடிவெடுத்தோம், பின்னாடி திரும்பிப் பாத்து சொல்றது சுலபம்னு ஓடுச்சு. ஹைலைட்ஸ் பாத்தா போதும்.

ரிப்போர்ட் பத்தி. மொதல்ல வந்தது 2024 ஜூலை, பத்து பரிந்துரை: தப்பான நோய்க்கு தயாரா இருந்தீங்க, அதுவும் 2011ல எழுதின ஃப்ளூ திட்டத்த தூசி தட்டாமயே வெச்சிருந்தீங்க, பிரெக்சிட்டுக்கு ஆளுங்கள தூக்கிட்டு போனதுல பாதி வேலை நின்னு போச்சுன்னு. நல்லா எழுதியிருக்காங்க. ரெண்டாவது 2025 நவம்பர், ரெண்டு வால்யூம், மார்ச் 23க்கு பதிலா 16லயே லாக்டவுன் போட்டிருந்தா மொத அலைல இங்கிலாந்துல மட்டும் 23,000 சாவு கொறஞ்சிருக்கும்னு மாடலிங் வெச்சு சொல்லுது, இன்னும் முன்னாடியே சில கட்டுப்பாடு போட்டிருந்தா லாக்டவுனே தேவைப்படாம போயிருக்கலாம்னும் சொல்லுது. எல்லாரும் மொத பாதிய மட்டும் ஷேர் பண்ணி சண்ட போட்டாங்க. இதுல புதுசு என்னன்னா பெருசா ஒண்ணும் இல்ல, லேட்டுன்னு கமிட்டி 2021லயே சொல்லியாச்சு. அதனால தான் சொல்றேன், இந்த சர்வீஸோட மதிப்பு தீர்ப்புல இல்ல, வெளிய வந்த பேப்பர்ல தான். ஸ்வீடன் 2020 ஜூன்ல கமிஷன் போட்டு 2022 பிப்ரவரில கடைசி ரிப்போர்ட்டே குடுத்து கதைய முடிச்சிட்டாங்க, அதே நேரத்துல இங்க விசாரணையே ஆரம்பிக்கல. அடுத்த தொற்று இவங்க ஷெட்யூலுக்கு காத்திருக்குமான்னு தெரியாது.

இன்னொண்ணு, யாரும் உள்ள போவாங்கன்னு எதிர்பாத்து பாக்காதீங்க. குத்தவாளின்னு சொல்ற அதிகாரமே இந்த கமிஷனுக்கு சட்டத்துல கெடையாது. திட்டப் போறோம்னா கூட சம்பந்தப்பட்டவருக்கு முன்னாடியே லெட்டர் போட்டு பதில் சொல்ல டைம் குடுக்கணும், ரிப்போர்ட் இழுக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்டார் பிரிச்சு சொல்லணும்னா ஆதாரத்துக்கு அஞ்சு, வேகத்துக்கு ஒண்ணு, பிடிஎஃப்க்கு ரெண்டு, அந்த ஜட்ஜம்மா நடத்தின விதத்துக்கு நாலு. ஆஸ்பத்திரில வேலை பாக்கற நம்மாளுங்க இருந்தா நேரா மாடியூல் 3க்கு போங்க, கோவிட்ல மொதல்ல செத்த பத்து டாக்டருங்களும் வெள்ளக்காரங்க இல்லாத சமூகங்கள சேந்தவங்க, மாஸ்க் பொருந்தாத மொகம், பிபிஇ இல்லன்னு வாயத் தொறக்க பயந்த கதை எல்லாம் அங்க தான் இருக்கு, டிவில அத பெருசா காட்டல. மத்தவங்க மெக்நமாரா, வாலன்ஸ், அப்புறம் நேரம் இருந்தா கம்மிங்ஸ். 1.5 ஸ்பீடுல வெச்சுக்கோங்க, ஹ்யூகோ கீத் பேசறப்ப மட்டும் நார்மலுக்கு வந்துருங்க, அந்தாளு கேள்விய வாக்கியத்தோட கடைசில தான் ஒளிச்சு வெப்பாரு.